ஓஎம்ஆரில் வாழும் இன்னொரு நான்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஸ்டுட்கார்ட் வந்து ஐந்து மாதம் ஆகிறது, சென்னையில் கூட வேலை பார்த்தவர்கள் மேனேஜர் ஆகிவிட்டார்கள், அங்கேயே இருந்திருந்தால் நானும் ஆகியிருப்பேன், இங்கே இப்போது ஒரு லீட் வேலை வருகிறது, ஆனால் வாரத்தில் நான்கு நாள் வெளியூர், எடுக்கலாமா அண்ணா?

மார்கழி லீவுக்கு வந்து, நங்கநல்லூரில் அம்மா வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான் ஜெர்மனி போய் பதின்மூன்று வருடம்.

அதே மாதிரி வேலையை நான் எடுத்தேன். திங்கள் விடிவதற்குள் ஹாம்பர்க் ரயில், ஐந்து மணி நேரத்துக்கு மேல், வியாழன் ராத்திரி திரும்பல். பணத்துக்காக என்று வீட்டில் சொன்னேன், பொய். என் மனதுக்குள், சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில், சோழிங்கநல்லூரில் ஒருவன் இருந்தான், ஊரை விட்டுப் போகாத நான். அவனுக்கு முப்பது பேர் டீம், சொந்த ஃபிளாட், சாயங்காலம் அப்பாவைக் கோயிலுக்கு அழைத்துப் போக நேரம் வேறு. அவன் துரைப்பாக்கம் சிக்னலில் நின்றதே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி மூழ்கியபோதும் அவன் கால் நனையவில்லை. அவனுக்குச் சமமாக ஏதாவது ஆகிக் காட்ட வேண்டும் என்றுதான் ரயில் ஏறினேன். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் மகள், அப்போது மூன்று வயது, "அப்பா இன்னிக்கு ஃபோனுக்குள்ள போகலையா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகும் எட்டு மாதம் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று பழைய அலுவலக நண்பனைப் பார்த்தேன், நான் பொறாமைப்பட்ட அந்த வாழ்க்கையை நிஜமாகவே வாழ்பவன். மேடவாக்கத்தில் மூன்று பெட்ரூம் வாங்கியிருக்கிறான். எதுக்குடா இவ்வளவு பெரிசு என்றால், "நீ ஜெர்மனில எவ்வளவு சேர்த்திருப்பேன்னு நினைச்சு வாங்கினேன்டா" என்கிறான். இல்லாத எனக்காக அவன் இஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கிறான்!

ஆனால் எல்லாக் கற்பனையும் கெடுதல் என்று சொல்லமாட்டேன். பத்தாம் வகுப்போடு நிறுத்திய மிருதங்கம் எனக்கு இன்னொரு 'இருந்திருந்தால்'. அது என்னை வீட்டுப் பக்கம் இழுத்தது. 2019-இல் ஜெர்மனியில் ப்ரூக்கன்டைல்ட்ஸைட் என்ற சட்டம் வந்தது. 45 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவர், ஒன்று முதல் ஐந்து வருடம் வரை வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு, அப்புறம் பழைய நேரத்துக்கே திரும்பலாம். நான் 80 சதவீதம் எடுத்தேன். வரியும் சேர்ந்து குறைவதால் கைக்கு வருவதில் இருபது சதவீதம் போகாது. வெள்ளிக்கிழமை காலையில் மிருதங்கம், மத்தியானம் மகளைக் கூட்டி வருவது. நீங்கள் இதை இப்போது செய்யாதீர்கள். ப்ளூ கார்டுக்கு, அதாவது நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கான அனுமதிக்கு, ஆண்டுதோறும் மாறும் சம்பள வரம்பு உண்டு, அதற்குக் கீழே இறங்கினால் சிக்கல்.

சரி, உங்கள் மனைவி. தாம்பரத்தில் ஆறு வருடம் கணக்கு டீச்சர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உங்கள் 'இருந்திருந்தால்' கற்பனை, அவருடையது உண்மையாகவே இருந்த வேலை. ப்ளூ கார்டுக்காரரின் துணைக்கு வேலை செய்யத் தடை இல்லை, ஆனால் பள்ளிக்கூடம் வேறு கதை: பெரும்பாலான மாநிலங்களில் ஆசிரியருக்கு இரண்டு பாடம் வேண்டும், நம் ஊர்ப் பட்டத்தில் பெரும்பாலும் ஒன்றுதான், ஜெர்மன் மொழியும் உயர்ந்த நிலையில் கேட்பார்கள். வருடக்கணக்கில் ஆகும். நீங்கள் நான்கு நாள் ஊரில் இல்லாமல், நாளைக்குக் குழந்தையும் வந்தால், அந்த வருடங்கள் எங்கிருந்து வரும்? அவரிடம் கேட்டீர்களா?

என் கணக்கில் இந்தத் தடவை அந்த லீட் வேலை வேண்டாம். ப்ளூ கார்டில் இருப்பவர் பி1 ஜெர்மன், அதாவது நடுத்தர நிலை, இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வதிவிடம் கேட்கலாம், தொடக்க நிலையான ஏ1 மட்டும் என்றால் 27. பயணம் இல்லாத லீட் வேலையை அப்புறம் தைரியமாகக் கேளுங்கள். ஊர் நகராட்சி ஆதரவில் பெரியவர்களுக்காக நடக்கும் கல்வி நிலையமான ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேயில் மாலை ஜெர்மன் வகுப்பு இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள், இரண்டு பேருக்கும்.