அம்மா சிறையில், பிள்ளை வீட்டில்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகள் சிறையில் இருக்கிறாள். ஏழு வயதுப் பேத்தியிடம் அம்மா வெளியூரில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம். இப்படியே சமாளிக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. வேலைக்குப் போனவள் ஏன் லீவுக்குக்கூட வரவில்லை என்று யோசிக்கிற பிள்ளை, 'என்னைப் பிடிக்கவில்லை போல' என்ற முடிவுக்கு வந்துவிடும். பள்ளியில் யாராவது உண்மையைப் போட்டு உடைத்தால், அதன்பிறகு உங்கள் பேச்சையும் நம்பாது.

முதலில் மகளோடு பேசி, இருவரும் ஒரே மாதிரி சொல்வதற்கு வார்த்தைகளை முடிவு செய்யுங்கள். இந்த வயதுக்கு நாலு வரி போதும்: 'அம்மா தப்பு செய்ததாகச் சொல்கிறார்கள். அதனால் சிறையில் இருக்கிறாள். இதற்கு நீ காரணமில்லை. பாட்டி உன்னைப் பார்த்துக்கொள்வேன்.' படுக்கப் போகும் நேரத்தில் சொல்லாதீர்கள். விடுமுறை நாள் காலையில் சொன்னால், பகல் முழுக்க அவள் கேள்வி கேட்கலாம். 'சீக்கிரம் வந்துவிடுவாள்' என்று மட்டும் சொல்லவே கூடாது. பிள்ளை அதை நாள் எண்ணிக் காத்திருக்கும்.

கேள்வி: சிறையில் இருக்கும் அம்மாவை 'மனு பார்க்க', அதாவது நேரில் சந்திக்க, மகனைக் கூட்டிப் போனேன். திரும்பியதிலிருந்து படுக்கையை நனைக்கிறான், எரிந்து விழுகிறான். இனி கூட்டிப் போகாமல் இருப்பது நல்லதா?

பதில்: சந்திப்புக்குப் பிறகு சில நாள் இப்படி இருப்பது பிரிவின் வலி. நிறுத்திவிட்டால் அந்த வலியோடு, அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்ற பயமும் சேரும். வாரக்கணக்கில் குறையாவிட்டால் குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் காட்டுங்கள்.

பெரும்பாலும் கெட்டுப்போவது முன்தயாரிப்பில்தான். பார்வையாளர் பட்டியலில் பையன் பெயர் இருக்கிறதா, பிறப்புச் சான்றிதழின் அசல் வேண்டுமா, அம்மா பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று முந்தின நாளே விசாரியுங்கள். வாசல்வரை போய்த் திரும்பிய பிள்ளையை மறுமுறை கிளப்புவது கடினம். உடலைத் தடவிச் சோதிப்பார்கள், நடுவில் கண்ணாடி இருக்கலாம், அம்மாவைத் தொட முடியாமல் போகலாம் என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே வழக்கு, வக்கீல், பணம் பற்றிப் பேசி நேரத்தைத் தின்னாதீர்கள்; அதற்குப் பெரியவர்கள் தனியாக ஒருமுறை போகலாம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே சொல்லி, விடைபெற ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டின் இரண்டு வரி போதும்.

கண்ணாடித் தடுப்பு இல்லாத சந்திப்பைக் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். சிறையில் பெண்களை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2010-ல் ஏற்ற பாங்காக் விதிகளில் 28-ஆவது, தாயும் பிள்ளையும் தடையின்றிச் சந்திப்பதைச் சொல்கிறது. தண்டனையாகக் குடும்பத் தொடர்பைத் துண்டிக்கக் கூடாது என்கிறது 23-ஆவது. இவை சட்டம்போலக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் விதி எண்ணோடு போகும் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

கேள்வி: சிறையிலிருந்து பிள்ளைக்குக் கடிதம் எழுதினால் 'நல்லா படி' என்பதைத் தாண்டி என் தங்கைக்கு எதுவும் வரவில்லையாம்.

பதில்: பிள்ளையின் வாரத்தை நீங்கள் அவளுக்கு எழுதிக் கொடுங்கள்: விழுந்த பல், சண்டை போட்ட தோழி, பிடிக்காத பாடம். அவள் அதிலிருந்தே கேள்வி கேட்பாள். பாதி வரைந்த படத்தை அனுப்பி மீதியைப் பிள்ளையை வரையச் சொல்லலாம். கடிதங்களுக்கு வரிசை எண் போட்டால், தணிக்கையில் எது நின்றுபோனது என்று தெரியும். ஸ்டிக்கர், மினுக்குத்தூள், ஸ்டேப்ளர் பின் இருந்தால் பல சிறைகளில் கடிதத்தை உள்ளே விடமாட்டார்கள்.

கேள்வி: அண்ணி சிறையில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். தாயோடு உள்ளே இருக்க அனுமதிக்கும் வயது வரம்பு வந்ததும் குழந்தை எங்களிடம் வர வேண்டும். எப்படித் தயாராவது?

பதில்: வரம்பு நாட்டுக்கு நாடு மாறும்; எந்தத் தேதி என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். வளர்க்கப்போகிறவர் யாரோ அவரே பல மாதம் முன்பிருந்து தவறாமல் போய்ப் பழகட்டும். அனுமதி கிடைத்தால் முதலில் சில மணி நேரம், பிறகு ஒரு பகல், பிறகு ஓர் இரவு என்று வெளியே அழைத்து வாருங்கள். ஆண் குரல், நாய், வண்டிச் சத்தம் எல்லாமே அந்தக் குழந்தைக்குப் புதிதாக இருக்கலாம். தூங்கவைக்கும் முறை, சாப்பிடும் நேரம், எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தாயிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் துணி ஒன்றைத் துவைக்காமல் கேட்டு வாங்குங்கள்; அந்த வாசனையில் குழந்தை தூங்கும். பிரிந்த முதல் வாரத்திலேயே அடுத்த சந்திப்புக்கு மனு போட்டுவிடுங்கள்.