வாசகர் கேள்வி: கம்பெனிகள் கொடுத்த கொரோனா பணம்

கேள்வி: கொரோனா நேரத்தில் கம்பெனிகள் கோடி கோடியாக அறிவித்தார்களே, நம்மைப் போன்றவர்களுக்கு வந்து சேர்ந்ததா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வந்ததம்மா, எல்லோருக்கும் இல்லை. பெரிய கம்பெனிகள் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்பது 2013 சட்டம். 2020 மார்ச்சில் கொரோனா செலவும் அதில் சேரும் என்றது அரசு, அப்புறம் ஆகஸ்டில் தடுப்பூசி ஆராய்ச்சிக்கும் வழி விட்டார்கள். நம் ஊர் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையும் விப்ரோவும் சேர்ந்து 1,125 கோடி ரூபாய் அறிவித்தன, விப்ரோவின் புனே வளாகம் ஒன்று 450 படுக்கை ஆஸ்பத்திரியானது. பெரிய காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் ஒரு கம்பெனி அரிசி கொடுத்தபோது ரேஷன் கார்டு கேட்டார்கள். தருமபுரியிலிருந்து சித்தாள் வேலைக்கு வந்த பெண்ணின் கார்டு ஊரில் இருந்தது. கைக்குழந்தையோடு வெறும் பையை மடித்துக்கொண்டு திரும்பினாள். கார்டு கேட்காதீர்கள் என்று அன்றைக்கே தெருக்காரர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம்.