சர்குலர் சா கோணாமல் வெட்ட ஒரு வழிச்சட்டம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எட்டடி நீள பிளைவுட்டைக் கையால் ஓட்டி வெட்டினால் கோடு விலகிவிடுகிறது. சர்குலர் சாவை (வட்ட பிளேடு உள்ள மின்ரம்பம்) நேராக ஓட்ட உதவும் வழிச்சட்டத்தை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். அடிப்பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட்டும், அதன் மேல் ஒட்டும் சட்டத்துக்கு 12 மி.மீ. பிளைவுட்டும் போதும். சட்டம் அதைவிடத் தடித்தால், பிளேடைத் தாழ்த்தும்போது மோட்டாரின் உடல் அதில் இடிக்கக்கூடும். மிஷினின் அடித்தகடு உரசிச் செல்லும் பக்கத்தில், ஆலையிலேயே வெட்டப்பட்ட ஓரத்தை வையுங்கள். அந்த ஓரம் நேரானதா என்று அறிய, அதை ஒட்டி ஒரு கோடு போட்டு, சட்டத்தைப் புரட்டி அதே ஓரத்தால் மறுபடியும் கோடு போடுங்கள். இரு கோடுகளுக்கும் நடுவே தெரியும் இடைவெளி, உண்மையான பிழையைப் போல இரண்டு மடங்கு.

சட்டத்துக்குப் பின்னால் கிளாம்ப் பிடிக்க நான்கு அங்குலமும், முன்னால் அடித்தகட்டின் ஓரத்திலிருந்து பிளேடு வரையுள்ள தூரத்தைவிட ஓர் அங்குலம் கூடுதலாகவும் இடம் விட்டு, மரப்பசையிட்டுத் திருகாணியால் இறுக்குங்கள். பசை நன்றாகக் காய்ந்தபின், அடித்தகட்டைச் சட்டத்தோடு அணைத்தபடி ஒரே ஓட்டமாக ஓட்டினால், அடிப்பலகையின் மிகுதி அறுந்து விழும். அப்படி அறுந்த விளிம்புதான் இந்தக் கருவியின் உயிர்: அதைக் கோட்டில் வைத்தால் பிளேடு அங்கேயே வெட்டும். வேறு தடிமனுள்ள பிளேடு மாட்டினால் அந்த விளிம்பு பொருந்தாது; அதற்குத் தனி வழிச்சட்டம் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: 2440 மி.மீ. பலகையை 610 வீதம் நான்காகப் பிரித்தேன். கடைசித் துண்டு மட்டும் குறைந்துபோனது ஏன்?

பிளேடு தின்னும் மரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு வெட்டுக்கு 2 மி.மீ. என்றால் மூன்று வெட்டுக்கு 6 மி.மீ.; அந்தக் குறை முழுவதும் கடைசித் துண்டில் விழுகிறது. நான்கும் சமமாக வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டும் 608.5 மி.மீ. தான் வரும். நமக்கு வேண்டிய துண்டின் மேல் வழிச்சட்டத்தை வைத்து, பிளேடின் தடம் கழிவுப் பக்கம் விழும்படி பாருங்கள்.

கேள்வி: மைக்கா ஒட்டிய பலகையில் ஓரம் பிசிறுகிறது.

சர்குலர் சாவின் பற்கள் கீழிருந்து மேலாக வெட்டுவதால், மேல்முகத்தில்தான் பிசிறு எழும். நல்ல முகத்தைக் கீழே போடுங்கள். 40 அல்லது அதற்கு மேல் பற்கள் உள்ள பிளேடைப் பயன்படுத்துங்கள். வழிச்சட்டத்தின் விளிம்பு தன் பக்கத்து இழைகளை அமுக்கிப் பிடிக்கும் என்பதால், நமக்கு வேண்டிய துண்டு பெரும்பாலும் தப்பிவிடும்.

கேள்வி: பாதி வெட்டில் பிளேடு இறுகி, மிஷின் பின்னால் உதைக்கிறது.

பலகை நடுவில் தொய்ந்து வெட்டை மூடுவதே பெரும்பாலும் காரணம். இரு முனைகளில் மட்டும் தாங்கல் கொடுக்காமல், தரையில் தடித்த தெர்மோகோல் விரித்து முழுப் பலகையையும் அதன் மேல் கிடத்துங்கள். பிளேடு பலகைக்குக் கீழே 5 மி.மீ. அளவுக்கு மட்டும் நீளட்டும். அப்போதும் இறுகினால், பிளேடு அடித்தகட்டின் ஓரத்துக்கு இணையாக இருக்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். அளப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: மார்பிள் கட்டரில் மர பிளேடு போட்டு இதே சட்டத்தில் ஓட்டலாமா?

வேண்டாம். வெட்டு முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும் கீழ்க்காப்பு அதில் இல்லை. அதன் வேகமும் மிக அதிகம்.