ஏ1 கொடுத்த வாக்குமூலம் ஏ6-ஐக் கட்டுமா?

கேள்வி: வக்கீல் ஐயா, எங்களுக்குக் களக்காடு பக்கம். வாழைத்தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதைத் தகராறில் 2024 நவம்பரில் ஒருவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். வள்ளியூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் தம்பியைச் சதியில் கூட்டு என்று ஏ6 ஆக, அதாவது ஆறாவது எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக), சேர்த்திருக்கிறார்கள். சம்பவ இடத்தில் அவன் இல்லை என்பதைப் போலீசே ஒத்துக்கொள்கிறது. ஏ1 வி.ஏ.ஓ.விடம் சரணடைந்து கொடுத்த வாக்குமூலத்தில் அவன் பெயர் வருகிறது. முந்தின நாள் ஏ1-உடன் 6 தடவையும், கொலை நடந்த மறுநாள் காலை 40 வினாடியும் போனில் பேசியதாகக் கால் லிஸ்ட் வைத்திருக்கிறார்கள். ஒரு டீக்கடைக்காரர், ஒரு வாரம் முன்பே ஆறு பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்று "முடிச்சிரணும்" என்று பேசியதைக் கேட்டேன் என்கிறார். தம்பி ஜாமீனில் இருக்கிறான். போன மாதம் கேஸ் செஷன்ஸ் கோர்ட்டுக்குக் கமிட் ஆகிவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் எங்கள் அத்தான், "ஜூரி 12 பேர் கதவை அடைத்துக்கொண்டு பேசி முடிவு செய்வார்கள், என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்க முடியாது" என்று சொல்லிப் பயமுறுத்துகிறார். இங்கேயும் அப்படியா? நீதிபதி என்ன நினைக்கிறார் என்று கேட்டுச் சொல்வதாக ஒரு ஆள் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் காலண்டரைப் பாருங்கள். சம்பவம் 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தது. அதனால் குற்றத்துக்கு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா), நடைமுறைக்கு பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), சாட்சியத்துக்கு பி.எஸ்.ஏ. (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) என்று மூன்றுமே புதுச் சட்டங்கள்தான். வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரும் டிஸ்சார்ஜ் மனுவை, கேஸ் கமிட் ஆன, அதாவது மாஜிஸ்திரேட் அதைச் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிய, நாளிலிருந்து 60 நாளுக்குள் போட வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 250-வது பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தில் இந்தக் கெடு கிடையாது. 'சார்ஜ் போடுகிற வாய்தாவில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பழைய பழக்கத்தில் இருந்துவிடக் கூடாது. போன மாதம் கமிட் ஆனது என்றால் உங்களுக்கு மிச்சம் இருப்பது சில வாரங்களே. கமிட்டல் உத்தரவின் நகலை வாங்கித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தான் சொன்னது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. அங்கே ஜூரி காரணம் எழுதாது. குற்றவாளி, குற்றவாளி அல்ல என்ற முடிவு மட்டும்தான் வெளியே வரும். வெளியாள் யாராவது ஜூரியைக் கலைத்தார், கோர்ட்டில் வராத தகவல் உள்ளே போய்விட்டது என்பது போன்ற சில விஷயங்களைத் தவிர, அறைக்குள் நடந்த பேச்சைப் பற்றி ஜூரர் பிறகு சாட்சி சொல்ல முடியாது. இனவெறியால் தீர்ப்பளித்தது தெளிவாகத் தெரிந்தால் அந்தப் பூட்டைத் திறக்கலாம் என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 2017-இல்தான் சொன்னது.

நம் நாட்டில் கிரிமினல் வழக்கில் ஜூரி இல்லை. 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில் 9 பேர் ஜூரி 8-க்கு 1 என்று விடுதலை சொன்னது. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே தண்டனை ஆனது, 1961-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1974-இல் நடைமுறைக்கு வந்த குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் ஜூரி முற்றிலும் போய்விட்டது. அதற்கு வெகுமுன்பே நம் ஊரின் பெரிய சதி வழக்கு ஜூரி இல்லாமல்தான் நடந்தது. 1911-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதைத் தொடர்ந்த திருநெல்வேலி சதி வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட தனி அமர்வு விசாரித்தது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு தண்டனை கிடைத்தது அதில்தான்.

உங்கள் தம்பி வழக்கைப் பாளையங்கோட்டை கோர்ட்டில் ஒரே ஒரு செஷன்ஸ் நீதிபதி விசாரிப்பார். முடிவெடுக்க வேண்டிய கேள்விகள் இவை, என் முடிவு இது, காரணம் இது என்று அவர் எழுதியே ஆக வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 393-வது பிரிவு அப்படித்தான் கேட்கிறது. சட்டப்படி பொருத்தமான, முறையாக நிரூபிக்கப்பட்ட விஷயங்களை மட்டும் வைத்தே எழுத வேண்டும். வழக்குக் கட்டில் இல்லாததை அவர் எழுத முடியாது. வாதம் முடிந்து 30 நாளில், தாமதத்துக்குக் காரணம் எழுதினால் 45 நாளுக்குள் தீர்ப்பு வரவேண்டும். தண்டனை என்றால் நகலை இலவசமாகவே கொடுப்பார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அப்பீல் செய்ய 60 நாள் இருக்கிறது. ஆகவே நீதிபதியின் மனதை வேவு பார்க்கத் தேவையே இல்லை. அந்தப் பணம் கேட்கும் ஆள் விஷயத்தில் தெளிவாக இருங்கள். செல்வாக்கைக் காட்டிப் பணம் வாங்குபவர் மீது ஊழல் தடுப்புச் சட்டம் 7ஏ, கொடுப்பவர் மீது 8-வது பிரிவு. ஏ6-இன் அண்ணன் இன்னொரு வழக்கில் ஏ1 ஆக வேண்டாம்.

இனி சாட்சியம். சதி என்றால் என்ன? இரண்டு பேருக்குக் குறையாமல், ஒரு குற்றத்தைச் செய்வது என்று ஒத்துக்கொள்வது, பி.என்.எஸ். 61-வது பிரிவு. கொலை போன்ற குற்றத்துக்கு அந்த உடன்பாடே போதும், வேறு செயல் எதுவும் தேவையில்லை. கொலை நடந்தும்விட்டால் தண்டனை கொலைக்கு உரியதே. சம்பவ இடத்தில் தம்பி இல்லை என்பதால் மட்டும் தப்பிவிட முடியாது என்று சொல்வது இதனால்தான். அதே சமயம், பழக்கம் இருந்தது, நடக்கப்போவது தெரிந்திருக்கும், சேர்ந்து டீ குடித்தார்கள் என்பதெல்லாம் உடன்பாடு ஆகிவிடாது. அரசுத் தரப்பு காட்ட வேண்டியது மனங்கள் ஒத்துப்போனதை. அதற்கு நேர் சாட்சி கிடைப்பது அரிது. சூழ்நிலைகளை வைத்து ஊகிக்கலாம். எங்கே ஊகம் நின்று சந்தேகம் தொடங்குகிறது என்பதில்தான் இத்தகைய வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும்.

வி.ஏ.ஓ. வாக்குமூலத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் இது அடிக்கடி வரும் காட்சி: குற்றவாளி தானாக நடந்துபோய் கிராம நிர்வாக அலுவலரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார், அவர் எழுதி வாங்கிக்கொண்டு தலையாரியோடு ஸ்டேஷனில் ஒப்படைத்தார். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்ற தடையைச் சுற்றிப்போகும் வழி அது. வி.ஏ.ஓ. போலீஸ் அதிகாரி அல்ல, அவரிடம் சொன்னதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் அது பலவீனமான வகைச் சாட்சியம். முன்பின் பழக்கம் இல்லாத அதிகாரியிடம் ஒருவர் ஏன் போய் மனம் திறப்பார் என்ற கேள்வியைக் குறுக்கு விசாரணையில் நிச்சயம் கேட்பார்கள். சரணடைந்ததாகச் சொல்லும் நேரத்துக்கு முன்பே போலீஸ் பிடித்து வைத்திருந்தது என்று காட்டிவிட்டால், வாக்குமூலம் மொத்தமும் ஆட்டம் காணும். அன்றைய டவர் லொகேஷன், சிசிடிவி, வி.ஏ.ஓ.வின் பணிக் குறிப்புகள் இதற்கு உதவும்.

அது உண்மையென்றே வைத்தாலும் தம்பியை எவ்வளவு கட்டும்? பி.எஸ்.ஏ. 24-வது பிரிவின்படி, ஒரே குற்றத்துக்காகச் சேர்த்து விசாரிக்கப்படும் இருவரில் ஒருவரின் ஒப்புதல் மற்றவரையும் பாதித்தால், கோர்ட் அதைக் 'கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்'. அவ்வளவுதான். 1952-இல் காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிமுறையை வகுத்துவிட்டது: முதலில் அந்த ஒப்புதலை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற சாட்சியத்தைப் பார், அதுவே தண்டனைக்குப் போதும் என்றால், தெம்புக்கு இதைச் சேர்த்துக்கொள். மற்ற சாட்சியம் இல்லாத இடத்தில் இதை அடித்தளமாகப் போட முடியாது.

அரசு வக்கீல் 24-ஐ விட்டுவிட்டு பி.எஸ்.ஏ.வின் 8-வது பிரிவைப் பிடிக்கப் பார்க்கலாம். சதி இருந்தது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், சதிகாரர்களில் ஒருவர் பொது நோக்கத்தைப் பற்றிச் சொன்னது, செய்தது, எழுதியது எல்லாமே மற்ற எல்லோருக்கும் எதிராகப் பயன்படும் என்பது அந்தப் பிரிவு. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் இதற்கு ஒரு கால எல்லை உண்டு: சதி உயிரோடு இருக்கும்போது சொன்னதாக இருக்க வேண்டும். 1940-இல் மிர்சா அக்பர் வழக்கில் பிரிவி கவுன்சில் (அன்று நம் வழக்குகளுக்கு லண்டனில் இருந்த உச்ச அப்பீல் மன்றம்) இதை அழகாகப் பிரித்தது. கொலைக்கு முன் சதிகாரர் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் உள்ளே வந்தன. கைதுக்குப் பிறகு ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது மற்றவருக்கு எதிராக வரவில்லை. வெட்டு விழுந்து முடிந்த பிறகு வி.ஏ.ஓ. ஆபீஸில் உட்கார்ந்து கதை சொல்வது, நடந்துகொண்டிருக்கும் திட்டத்தின் பகுதி அல்ல.

ராஜீவ் காந்தி கொலை வழக்கைக் காட்டி யாராவது உங்களைக் கலக்கலாம். அங்கே ஒரு எதிரியின் வாக்குமூலம் மற்றவர்களைக் கட்டியது தடா (பயங்கரவாதத் தடுப்பு) சட்டத்தின் தனி விதியால். அந்தச் சட்டம் 1995-இலேயே காலாவதியாகிவிட்டது. அந்த வழக்கிலும் விசாரணைக் கோர்ட் 26 பேருக்கும் தூக்கு விதித்ததை, 1999-இல் உச்ச நீதிமன்றம் 4 பேருக்குத் தூக்கு, 3 பேருக்கு ஆயுள் என்று குறைத்து, மற்ற 19 பேரையும் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. பழகியதும் பிறகு அடைக்கலம் கொடுத்ததும் ஒருவரைச் சதிகாரர் ஆக்கிவிடாது என்பது அந்தத் தீர்ப்பில் கிடைக்கும் பெரிய ஆயுதம்.

கைதானவர்கள் அரிவாளை எடுத்துக் கொடுத்தார்கள் என்ற பகுதியும் உங்கள் வழக்குக் கட்டில் இருக்கும். போலீஸ் காவலில் சொன்னதில், பொருள் இருந்த இடத்தைக் காட்டிய அந்த வாக்கியம் மட்டுமே செல்லும்; 'ஏ6 சொல்லித்தான் வெட்டினேன்' என்ற மீதி செல்லாது. பொருளைக் கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜருக்கு வீடியோ இருக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105 சொல்கிறது. இருக்கிறதா என்று பாருங்கள். ஏ1-இடம் எடுத்தது தம்பியை எப்படியும் தொடாது.

எனக்கு உண்மையாகவே கவலை தருபவர் டீக்கடைக்காரர்தான். அவர் சொல்வதாகச் சொல்லும் பேச்சு கொலைக்கு முந்தியது, அதனால் 8-வது பிரிவுக்குள் நேராக வந்துவிடும். அவருடைய 180-வது பிரிவு வாக்குமூலத்தை, அதாவது பழைய 161 ஸ்டேட்மென்ட்டை, எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எந்தத் தேதியில் பதிவானது, மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்த தேதி முத்திரை என்ன? கொலை நடந்து பல வாரம் கழித்துப் பதிவாகி, தாமதத்துக்கு விளக்கம் இல்லை என்றால் அது பெரிய ஓட்டை. அன்று அந்த இடத்தில் அவருக்குக் கடை இருந்ததா, எவ்வளவு தூரத்தில் நின்றார், பஸ் இரைச்சலில் கேட்குமா, "முடிச்சிரணும்" என்று சொன்னது ஆறு பேரில் யார், 'முடிக்க' வேண்டியது ஆளையா பாதைப் பிரச்சினையையா? தம்பி வாயிலிருந்து என்ன வார்த்தை வந்தது என்று அவர் சொல்லவில்லை என்றால், அடையாள அணிவகுப்பும் நடக்கவில்லை என்றால், தம்பி அங்கே நின்றவர் மட்டுமே. இதையெல்லாம் நீங்கள் நேரில் போய் அவரிடம் கேட்கக் கூடாது. டீ குடிக்கக்கூட அந்தப் பக்கம் போக வேண்டாம். சாட்சியை மிரட்டினார் என்று ஒரு மனு வந்தால் ஜாமீன் ரத்தாகும், பி.என்.எஸ். 232-இல் தனி வழக்கும் வரும்.

கால் லிஸ்ட் சொல்வது எந்த எண், எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவர் என்பதை மட்டும். என்ன பேசினார்கள் என்று அதில் ஒரு எழுத்தும் இராது. நம் பக்கம் ஒரு டவர் பல ஊர்களுக்குச் சேர்த்து வேலை செய்யும். அதே டவரில் இருந்தார்கள் என்பதால் ஒரே இடத்தில் இருந்தார்கள் என்று ஆகாது. 6 அழைப்புகளுக்கும் சாதாரணக் காரணம் இருந்தால் அதற்கு ஆவணம் தேடுங்கள். ஏ1 கேட் வேலைக்கு ஆர்டர் கொடுத்திருந்தாரா? அட்வான்ஸ் ஜிபே வழியாக வந்ததா, இரும்பு வாங்கிய பில் இருக்கிறதா? இருவரும் மாதம் எத்தனை தடவை பேசுபவர்கள் என்பதையும் பாருங்கள். வழக்கமாகத் தினமும் பேசுபவர்கள் அன்றும் பேசினால் அதில் வியப்பில்லை. போலீஸ் பெரும்பாலும் சம்பவத்தை ஒட்டிய சில நாள் பட்டியலை மட்டும்தான் வைக்கும். முந்தைய மாதங்களின் பட்டியல் வேண்டும் என்றால் கம்பெனிகள் அழிப்பதற்கு முன், அதைப் பாதுகாத்து வைக்க உத்தரவிடக் கோரிக் கோர்ட்டில் மனுப் போடுங்கள். இரண்டு ஆண்டு வரைதான் அவர்கள் வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள்.

மறுநாள் காலை 40 வினாடி அழைப்பு கொலைக்குப் பிந்தியது. அதிலிருந்து சதியை நெய்ய முடியாது. மிஞ்சிப்போனால் குற்றவாளிக்கு அடைக்கலம் என்ற வேறு குற்றத்துக்கு இழுப்பார்கள். அதற்கும் பேசியது போதாது, மறைத்து வைத்ததைக் காட்ட வேண்டும்.

மின்னணுப் பதிவுக்கு பி.எஸ்.ஏ. 63-இன்படி சான்றிதழ் வேண்டும். இப்போது அதில் ஏ, பி என்று இரண்டு பாகம், ஒன்றில் பதிவைத் தருபவரும் மற்றொன்றில் நிபுணரும் கையெழுத்துப் போட்டு ஹாஷ் மதிப்பும் (பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) எழுத வேண்டும். ஒரு பாகம் விட்டுப்போயிருந்தால் டிஸ்சார்ஜ் மனுவில் அதைக் கொட்டிவிடாதீர்கள். விசாரணை முடிவதற்குள் சான்றிதழைக் கொண்டுவந்து குறையைச் சரிசெய்ய அரசுத் தரப்புக்கு வழி உண்டு. ஆனால் அந்தப் பட்டியலைச் சான்றாவணமாக மார்க் செய்யும் நிமிடத்தில் உங்கள் வக்கீல் எழுந்து ஆட்சேபணையைப் பதிவு செய்ய வேண்டும். அப்போது சும்மா இருந்துவிட்டு அப்பீலில் கேட்டால் எடுபடாது. தம்பியின் போனில் எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள். தடயவியல் ஆய்வகம் மீட்டெடுத்துவிடும், அழித்ததே பி.என்.எஸ். 241-இன்படி தனிக் குற்றம்.

டிஸ்சார்ஜ் மனு போடலாமா? இந்தக் கட்டத்தில் நீதிபதி பார்ப்பது, வலுவான சந்தேகத்துக்கு இடம் இருக்கிறதா என்பதை மட்டும். டீக்கடைக்காரரின் வாக்குமூலத்தில் தம்பி பெயரும் பேச்சும் தெளிவாக இருந்தால் மனு தள்ளுபடியாகவே வாய்ப்பு அதிகம். உங்கள் எதிர்வாதத்தையும் முன்கூட்டியே அரசுத் தரப்புக்குச் சொன்னதாகிவிடும். பெயர் இல்லாமல் 'இன்னும் சிலர்' என்றுதான் இருந்தால் கட்டாயம் போடுங்கள், ஏனென்றால் மிச்சம் இருப்பது ஏ1 வாக்குமூலமும் கால் லிஸ்டும் மட்டும்தான். தள்ளுபடியானால் மதுரைக் கிளையில் சீராய்வு மனு உண்டு.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். ஏ2-விலிருந்து ஏ5 வரை ஒருவரை அப்ரூவராக, அதாவது மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாக, மாற்ற அரசுத் தரப்பு முயலலாம். அப்படி வந்தால் கேஸ் முகமே மாறும், உள்ளிருந்து ஒரு குரல் கிடைத்துவிடும் அவர்களுக்கு. அப்போதும் முக்கியமான விவரங்களில், அதுவும் தம்பியைத் தொடும் விவரத்தில், வேறு ஆதாரத்தின் துணை இருக்கிறதா என்று கோர்ட் தேடும். மற்ற எதிரிகளின் குடும்பத்தோடு சேர்ந்து ஒரே வக்கீல் வைப்பது செலவுக்கு லாபமாகத் தெரியும், ஆனால் ஏ1-இன் வாக்குமூலத்தை உடைக்க வேண்டியவரும் ஏ1-ஐக் காக்க வேண்டியவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. தம்பிக்குத் தனி வக்காலத்துப் போடுங்கள். பட்டறை பில் புத்தகம், ஜிபே விவரம், கமிட்டல் உத்தரவு, குற்றப்பத்திரிகை நகல் முழுவதையும் முதல் சந்திப்பிலேயே அவரிடம் கொடுங்கள். தம்பி அவரிடம் மனம்விட்டுச் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, உங்களிடம் சொல்வதற்குக் கிடையாது.