காலோவின் தகர ஓவியங்களும் மெக்சிகோவின் நேர்த்திக்கடன் மரபும்

கேள்வி: மெக்சிகோவின் மரபையும் சடங்குகளையும் கொண்டு வரையப்பட்ட ஓவியங்களில், குறிப்பாக ஃப்ரீடா காலோவின் ஓவியங்களில், அந்த நாட்டு அடையாளங்கள் வெறும் அலங்காரமா, அல்லது ஓவியரின் சொந்த உணர்வோடு அவற்றுக்கு உண்மையான தொடர்பு உண்டா?

தொடர்பு உண்டு என்பதே என் பதில். காலோ தன் வலியைச் சொல்வதற்கான வடிவத்தையே மெக்சிகோவின் தேவாலயச் சுவர்களிலிருந்துதான் எடுத்துக்கொண்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவருடைய ஓவியங்களில் பூச்சூடிய கூந்தலும் குரங்குகளும் வண்ண உடைகளும் முதலில் கண்ணில் படுவதால் அவற்றையே மரபு என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் மரபு ஆழமாக வேலை செய்திருப்பது அந்த ஓவியங்களின் அளவிலும் அமைப்பிலும் அவை தீட்டப்பட்ட உலோகத் தகட்டிலும்தான்.

மெக்சிகோவின் கத்தோலிக்கத் தேவாலயங்களில் எக்ஸ்வோட்டோ எனப்படும் சிறு படங்களைக் காணலாம். கொடிய நோயிலிருந்து பிழைத்தவரோ, குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பியவரோ, பிரசவத்தில் சாவைத் தொட்டு மீண்டவரோ, தாம் வேண்டிக்கொண்ட மாதாவுக்கோ புனிதருக்கோ நேர்த்திக்கடனாக ஒரு படத்தை வரையச் செய்து திருத்தலத்தில் மாட்டுவது அங்கே வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் தகரத் தகடு மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு ஏழை எளியவர்களும் இதைச் செய்ய முடிந்தது. வரைந்தவர்களில் பெரும்பாலோர் முறையான பயிற்சி இல்லாத உள்ளூர் ஓவியர்கள். அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. படத்தின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். மேலே மேகங்களுக்கு நடுவே மாதாவோ புனிதரோ தோன்றுவார். நடுவில் நேர்ந்த துன்பம் காட்டப்படும். அடியில் இன்னாருக்கு, இந்த ஊரில், இந்த நாளில் இன்னது நேர்ந்தது, இன்னாருடைய அருளால் பிழைத்தார் என்று சில வரிகள் எழுதப்பட்டிருக்கும். அறையின் அளவும் ஆளின் அளவும் பொருந்தாமல் இருக்கலாம், எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கலாம், ஆனால் படுக்கையில் கிடக்கும் உடலும் வழியும் இரத்தமும் ஒளிவுமறைவின்றி இருக்கும். ஊரார் எல்லோரும் வந்துபோகும் இடத்தில் தன் உடலுக்கு நேர்ந்ததைப் பெயரோடும் தேதியோடும் வைப்பதற்கு அந்த மரபு ஒரு சாதாரணப் பெண்ணுக்கும் இடம் கொடுத்திருந்தது. காலோவுக்குத் தேவைப்பட்டதும் அந்த இடம்தான்.

அவருக்கு நேர்ந்தவை குறைவல்ல. 1907இல் கொயோகானில் பிறந்த காலோ ஆறு வயதில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்கப்பட்டு, வலது கால் மெலிந்துபோனார். 1925 செப்டம்பர் 17 அன்று, 18 வயதில், அவர் சென்ற பேருந்தின் மீது டிராம் மோதியதில் இரும்புக் கைப்பிடிக் கம்பி ஒன்று அவருடைய இடுப்பைத் துளைத்தது, முதுகெலும்பும் முறிந்தது. எக்ஸ்வோட்டோக்களை நூற்றுக்கணக்கில் சேர்த்துவைத்திருந்த அவர், இத்தகைய விபத்து ஒன்றைக் காட்டும் பழைய படமொன்று கையில் கிடைத்தபோது அதைத் தன் கதையாகவே மாற்றிக்கொண்டார். பேருந்தின் மீது ஊர்ப் பெயரை எழுதினார். கீழே கிடந்த பெண்ணுக்குத் தன்னுடைய கூடிய புருவங்களைத் தீட்டினார். தம் மகளைக் காப்பாற்றியதற்காகப் பெற்றோர், மகனை இழந்த துயரத்தில் அழும் மரியாளான வியாகுல மாதாவுக்கு நன்றி செலுத்துவதாக அடியில் வாசகமும் சேர்த்தார். முகமறியாத ஒருவரின் நேர்த்திக்கடனுக்குள் தன் உடலை வைத்துப் பார்த்த இந்தச் செயலில், அவருடைய கலை முழுவதற்குமான திறவுகோல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இனி 1932இல் அவர் வரைந்த 'ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை' ஓவியத்தைப் பாருங்கள். ஓவியரான கணவர் டியேகோ ரிவேரா, அமெரிக்காவின் டெட்ராய்ட் கலைக்கூடத்தில் தொழிற்சாலைகளைப் பற்றிய பிரம்மாண்டமான சுவரோவியங்களை வரைய வந்திருந்த காலத்தில், காலோவுக்கு அந்த நகரத்தில் கருச்சிதைவு ஏற்பட்டது. அதை அவர் சுமார் 30 சென்டிமீட்டர் உயரமும் 38 சென்டிமீட்டர் அகலமும் உள்ள உலோகத் தகட்டில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். வெட்டவெளியில் ஒரு இரும்புக் கட்டில் கிடக்கிறது. விரிப்பில் இரத்தம் ஊறியிருக்க, அவர் ஆடையின்றிக் கிடக்கிறார். கன்னத்தில் பெரிய கண்ணீர்த்துளி ஒன்று நிற்கிறது. அவருடைய கையிலிருந்து கிளம்பும் சிவப்பு நாடாக்கள் ஆறு பொருள்களைக் கட்டியிருக்கின்றன: சிசு, நத்தை, இடுப்பெலும்பு, ஆர்க்கிட் பூ, ஓர் இயந்திரம், மருத்துவப் பாடத்துக்கான உடல் மாதிரி. தொலைவில் ஃபோர்டு நிறுவனத்தின் ரூஜ் ஆலை தெரிகிறது. கட்டிலின் பக்கச் சட்டத்தில் மருத்துவமனையின் பெயரும் 1932 ஜூலை என்ற காலமும் எழுதப்பட்டிருக்கின்றன.

தகடு, சிறிய அளவு, படுக்கை, இடம், தேதி என எக்ஸ்வோட்டோவின் கூறுகள் இங்கே வரிசையாக வந்துவிட்டன. வராதவர் மாதா ஒருவர்தான். மேகத்துக்கு நடுவே அவர் தோன்ற வேண்டிய வானத்தில் சிசுவும் நத்தையும் மிதக்கின்றன. பிழைத்ததற்கு நன்றி சொல்ல ஏற்பட்ட வடிவத்தில், காப்பாற்றப்படாத ஒன்றைப் பற்றி அவர் சொல்கிறார். மரபை அறிந்த மெக்சிகோக்காரர் ஒருவருக்கு அந்த வெறுமை உடனே உறைக்கும்; அறியாத நமக்கு இது விசித்திரமான ஒரு கனவுபோல மட்டுமே தெரியும்.

அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய தாய் இறந்தார். அந்த ஆண்டிலேயே தகட்டில் வரைந்த 'என் பிறப்பு' ஓவியம்தான், காலோவின் படைப்புகளில் என்னை மிகவும் உலுக்குவது. பிரசவப் படுக்கையில் கிடக்கும் தாயின் தலையும் மார்பும் வெள்ளைத் துணியால் பிணம்போல மூடப்பட்டிருக்கின்றன. கால்களுக்கு நடுவிலிருந்து வெளிவரும் குழந்தையின் தலையில் காலோவின் புருவங்கள் இருக்கின்றன. இந்த முறை மாதா வந்திருக்கிறார், ஆனால் வானத்திலிருந்து அல்ல. கட்டிலுக்கு மேலே மாட்டிய சட்டத்துக்குள், வாள் பாய்ந்த வியாகுல மாதாவாக, தாமும் அழுதுகொண்டு எதுவும் செய்ய இயலாதவராக இருக்கிறார். படத்தின் அடியில் நன்றி வாசகத்துக்கென்று ஒரு சுருள் வரையப்பட்டிருக்கிறது. அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. இழந்த கருவுக்கும் இறந்த தாய்க்கும் இடையே நின்ற ஒரு பெண், நன்றி வாசகத்துக்கான இடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதாமல் விட்டிருப்பதைவிட வலிமையாக அந்தத் துயரத்தை எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

உடை விஷயத்துக்கும் வருகிறேன், ஏனென்றால் அலங்காரம் என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் அதைப் பற்றியதே. அவர் விரும்பி அணிந்த தெவானா உடை, தெற்கே ஓஹாகா மாநிலத்தின் தெவான்தெபெக் பகுதிப் பெண்களுடையது. அவருடைய தாயின் குடும்பத்துக்கும் ஓஹாகாவோடு தொடர்பு உண்டு. நீண்ட பாவாடை அவருடைய மெலிந்த காலை மறைத்தது என்பதும் உண்மை. ரிவேராவுடனான மணவாழ்க்கை முறிந்த 1939இல் வரைந்த 'இரண்டு ஃப்ரீடாக்கள்' ஓவியத்தில், அந்த உடை ஓர் உறவின் கதையையே சுமக்கிறது. தெவானா உடையணிந்த ஃப்ரீடாவின் கையில் சிறுவனான ரிவேராவின் சின்னஞ்சிறு படம் இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் இரத்தக் குழாய் அவருடைய இதயத்தின் வழியாக, ஐரோப்பிய பாணி வெள்ளை உடையணிந்த மற்றொரு ஃப்ரீடாவின் இதயத்துக்குச் செல்கிறது. அந்த இரண்டாமவர் அறுந்த முனையை மருத்துவ இடுக்கியால் பிடித்திருந்தும் இரத்தம் சொட்டுகிறது. மடியில் விழுந்த துளிகளையும் பாவாடையின் ஓரத்தில் உள்ள சிவப்புப் பூக்களையும் சட்டென்று பிரித்தறிய முடியாது. ஜெர்மனியிலிருந்து வந்த தந்தைக்கும் மெக்சிகோவின் தாய்க்கும் பிறந்தவர் என்பதையும், கைவிடப்பட்டவர் என்பதையும் ஒரே படத்தில் சொல்ல அவருக்கு இரண்டு உடைகள் போதுமாக இருந்தன.

1938இல் மெக்சிகோவுக்கு வந்த பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் இவரை, கனவுலகை வரையும் சர்ரியலிஸ்ட் என்று கொண்டாடினார். தான் கனவுகளை வரையவில்லை, தன் மெய்வாழ்வையே வரைந்ததாக காலோ அதை மறுத்தார். தகர ஓவியங்களை அறிந்தபின் அவர் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

காலோவோடு நிறுத்திக்கொண்டால் பதில் பாதிதான். ஹலிஸ்கோ மாநிலத்தின் சான் ஹுவான் தே லோஸ் லாகோஸ் என்னும் புகழ்பெற்ற மாதா திருத்தலத்தில் 1902இல் பிறந்த மரியா இஸ்கியெர்தோ என்னும் ஓவியரையும் நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, வியாகுல மாதாவுக்கு வீடுகளில் பீடம் அமைப்பது மெக்சிகோவின் வழக்கம். வெட்டுக் காகிதமும் மெழுகுவத்திகளும், தங்கநிறக் காகிதக் கொடி குத்திய ஆரஞ்சுப் பழங்களும், நம் முளைப்பாரியைப் போலவே வெளிச்சம் படாமல் வளர்த்த கோதுமை நாற்றும் அதில் இடம்பெறும். 1940களில் இஸ்கியெர்தோ இந்தப் பீடங்களை மீண்டும் மீண்டும் வரைந்தார். அவற்றில் இரத்தமில்லை, அவருடைய முகமும் இல்லை. திரைச்சீலைக்கு நடுவே கண்ணீர் வழியும் மாதாவும் காணிக்கைப் பொருள்களும் மட்டுமே இருக்கின்றன. அழுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு நாளின் பொருள்களை அவ்வளவு பொறுமையாக வரைந்த ஆண்டுகளில்தான், 1945இல், தலைநகர் அரசுக் கட்டடம் ஒன்றில் அவர் வரையவிருந்த சுவரோவியத்துக்கான ஒப்பந்தம் ரத்தானது. அவருக்கு அந்த நுட்பத்தில் அனுபவம் போதாது என்று கருத்துச் சொன்னவர்கள் ரிவேராவும் மற்றொரு சுவரோவியரான சிக்கேரோசும். தன்னுடைய தலையைத் தானே கையில் பிடித்தபடி சன்னலில் நிற்பதாக 1947இல் அவர் ஓர் ஓவியம் வரைந்தார். மறு ஆண்டே அவருடைய வலப்பக்கம் செயலிழந்தது. அதன் பிறகும் அவர் வரைவதை விடவில்லை.

மெக்சிகோ அரசு காலோவின் படைப்புகளை 1984இலும், இஸ்கியெர்தோவின் படைப்புகளை 2002இலும் தேசியக் கலைச் சின்னங்களாக அறிவித்தது. நீங்கள் பார்க்கத் தொடங்கும்போது, பெயர் தெரியாதவர்கள் வரைந்த எக்ஸ்வோட்டோக்களில் சிலவற்றை முதலில் இணையத்தில் தேடி, அவற்றின் அடியில் உள்ள வாசகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மாதா எந்த மூலையில் நிற்கிறார் என்று கவனித்துவிட்டு, அதன் பிறகு 'என் பிறப்பு' ஓவியத்துக்கு வாருங்கள். இஸ்கியெர்தோவின் பீடங்களை அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.