கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேச உரையை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: எண்ணூர் பக்கம் ஒரு குப்பத்தில் இருக்கிறேன். மீன் வியாபாரம், பத்தாவது வரை படிப்பு. மின் நிலைய விரிவாக்கத்துக்காக அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம். மகளிர் குழு சார்பில் என்னைப் பேசச் சொல்கிறார்கள். மைக்கைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. 1,500 ரூபாய்க்கு உரை எழுதித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கி மனப்பாடம் செய்துவிடலாமா ஐயா?

பதில்: வேண்டாம் அம்மா. முதலில் அந்தக் காசை முந்தானையில் முடிந்து வையுங்கள்.

கூட்டத் தேதி பேப்பரில் வந்ததுமே இந்த ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். ‘கடல் அன்னையின் மடியில் தவழும்’ என்று தொடங்கும் ஒரே உரையை ஊர்ப் பெயரை மாற்றி நாலு குப்பத்துக்கு விற்பார்கள். எதிரணிக்கும் அதே ஆள் எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். நாலு பேர் ஒரே வரியை ஒப்பித்தால், ‘யாரோ சொல்லிக்கொடுத்தது’ என்று ஒதுக்கிவிட அதிகாரிகளுக்கு வசதி. பேச டோக்கன் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரையும் நம்பாதீர்கள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, வந்திருக்கும் எல்லோருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தரவேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

பேச்சில் வாழ்த்துரை உண்டு, தகவல் சொல்லும் உரை உண்டு, கேட்பவர் மனத்தை மாற்றும் உரை உண்டு. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் அண்ணா பேசியது கூட்டத்தையே எழுப்பும் மேடைப் பேச்சு. உங்களுடையது வாயால் கொடுக்கும் மனு. கைதட்டல் வராவிட்டாலும் பரவாயில்லை, பதிவில் ஏறவேண்டும்.

அதனால் மனப்பாடம் கூடாது. நடுவில் யாராவது சத்தம் போட்டால் அடுத்த வரி மறந்துபோகும், அப்புறம் முழுசும் போச்சு. ஒரே ஒரு விதிவிலக்கு: முதல் இரண்டு வாக்கியங்கள். அவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி மனப்பாடம் செய்யுங்கள். பெயர், ஊர், தொழில், கூடவே என்ன கேட்கிறீர்கள் என்பது. ‘நான் இன்ன குப்பத்தில் மீன் விற்கிறேன். ஆற்றில் சாம்பல் கலப்பதை நிறுத்தாமல் இந்த விரிவாக்கத்துக்கு அனுமதி தரக்கூடாது.’ நடுக்கம் அதிகமாக இருப்பது ஆரம்பத்தில்தான். அதைத் தாண்ட இந்த இரண்டு வரி போதும். இடையில் மைக்கைப் பிடுங்கினாலும் கோரிக்கை பதிவாகியிருக்கும். மேடையில் இருப்பவர்கள் பெயரை வரிசையாகச் சொல்லி வணக்கம் வைக்காதீர்கள், உங்கள் நேரம்தான் போகும்.

அப்புறம் மூன்று விஷயம் மட்டும். ஒரு துண்டுச் சீட்டில் மூன்று சொல்: சாம்பல், இறால், வருமானம். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். ‘வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறது’ என்று எல்லோரும்தான் சொல்வார்கள். முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடித்த இடத்தில் இன்று சேறு எத்தனை விரல், அன்று கூடைக்கு எவ்வளவு கிடைத்தது, இன்று எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்லமுடியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து வலையில் ஒட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வீட்டில் சமையல் செய்துகொண்டே நாலு தடவை சத்தமாகப் பேசிப் பாருங்கள், மூன்று நிமிடத்தைத் தாண்டவேண்டாம்.

மைக்கைத் தட்டாதீர்கள், ஊதாதீர்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு கைப்பிடி இடைவெளி. ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நின்றால் கிறீச்சிடும், தள்ளி நில்லுங்கள். கை நடுங்கினால் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிடுங்கள்.

திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில். தமிழில் கையில் கிடைப்பது சுருக்கம், அதையும் மொழிபெயர்த்தவரைத் தவிர யாருக்கும் புரியாது. இதைப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லு என்கிறார்கள்! படித்துப் புரியவில்லை என்றால், ‘புரியும்படி விளக்குங்கள்’ என்று மைக்கிலேயே கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பேசியதையே எழுதி மனுவாகக் கொடுத்து, நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். பேசி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். கூட்ட முடிவில் பதிவின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்து விளக்கவேண்டும் என்பது விதி. பாதிக் கூட்டம் கலைந்தபிறகு அவசரமாக வாசிப்பார்கள். உங்கள் சாம்பலும் இறாலும் அதில் வரவில்லையென்றால் எழுந்து நின்று, சேர்க்கச் சொல்லுங்கள்.