கேள்வி–பதில்: விக்கியோடு கிட்டைப் பூட்டும்போது

விக்கி மென்பொருளில் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டை (கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவியை) இணைப்பது குறித்து வந்த கேள்விகள் இந்த முறை. கேட்டவர்களில் பலர் பக்கங்களைச் சாதாரணக் கோப்புகளாக வைக்கும் டோக்குவிக்கி வைத்திருப்பதால் பதில்களும் அதையே சுற்றி வருகின்றன.

கேள்வி: விக்கியிலேயே 'பழைய பதிப்புகள்' இருக்கிறது. பிறகு எதற்கு கிட்?

பாதிப் பேருக்குத் தேவையே இல்லை. விக்கி வைத்திருக்கும் வரலாறு பக்கத்துக்குப் பக்கம் தனித்தனி. 'போன செவ்வாய் மாலை முழு விக்கியும் எப்படி இருந்தது' என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. ஒரு சொல்லை 40 பக்கங்களில் மாற்றிவிட்டு, தப்பு என்று தெரிந்ததும் ஒரே அடியாகத் திரும்பப் பெறவும் முடியாது. இந்த இரண்டோ, இணையம் இல்லாத இடத்தில் உட்கார்ந்து எழுதும் வசதியோ வேண்டுமென்றால் கிட் வையுங்கள். காப்புப் பிரதி மட்டும் போதும் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும் ஒரு ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) அந்த வேலையைப் பார்த்துவிடும்.

1998இல் வந்த ட்விக்கி என்ற விக்கி மென்பொருள் ஒவ்வொரு பக்கத்துக்கும் அருகிலேயே, ஆர்சிஎஸ் என்ற பழைய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் கோப்பு ஒன்றை வைத்தது. ஆர்சிஎஸ்ஸும் கோப்புக்குக் கோப்பு தனி என்பதால் அதே குறை அங்கும் இருந்தது. 2006இல் ஜோயி ஹெஸ் எழுதத் தொடங்கிய ஐகிவிக்கி எதிர்த் திசையில் போனது. தனக்கென்று வரலாறே வைத்துக்கொள்ளாமல் சப்வெர்ஷன், கிட் போன்றவற்றிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

கேள்வி: டோக்குவிக்கியில் எந்தக் கோப்புறைகளை ரெப்போவில் (கிட் வரலாறு வைக்கும் களஞ்சியத்தில்) சேர்ப்பது?

டேட்டா கோப்புறைக்குள் பேஜஸ், மீடியா இரண்டு மட்டும். அட்டிக்கில் இருப்பவை விக்கி தானே சுருக்கி வைத்த பழைய பதிப்புகள். அவற்றையும் கிட்டில் போட்டால் வரலாற்றுக்கே வரலாறு வைத்த கதை. மெட்டா கோப்புகள் யாரும் எதையும் திருத்தாதபோதும் மாறும். கேஷ், இண்டெக்ஸ், லாக்ஸ், டெம்ப் எதுவும் வேண்டாம். மீடியாவில் வீடியோ இருந்தால் அதையும் வெளியே வையுங்கள்: 50 எம்பி கோப்பை நான்கு முறை மாற்றி ஏற்றினால் ரெப்போ ஏறக்குறைய 200 எம்பி வீங்கும், பிறகு இளைக்காது.

சேமித்ததும் கமிட் (மாற்றத்தை வரலாற்றில் பதிவது) ஆக 'கிட்பேக்ட்' செருகுநிரல் இருக்கிறது. சொந்தமாக எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பக்கம் எழுதப்படும் நிகழ்வு ஒரே சேமிப்புக்கு இரண்டு முறை எழும், அட்டிக்குக்கு ஒன்று, நடப்புப் பக்கத்துக்கு ஒன்று. நிகழ்வோடு வரும் தரவில் நான்காவது உறுப்பு பதிப்பு எண். அது காலியாக இருக்கும்போது மட்டும் கமிட் செய்யுங்கள். உள்ளடக்கமும் காலியாக வந்தால் பக்கம் நீக்கப்பட்டது என்று பொருள்.

கேள்வி: கையால் ஓட்டினால் கமிட் ஆகிறது. விக்கி வழியாக ஆவதில்லை.

கையால் ஓட்டியது நீங்கள். விக்கி வழியாக ஓட்டுவது வெப் சர்வரின் பயனர், டெபியன், உபுண்டுவில் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'. ரெப்போ உங்கள் பெயரில் இருந்தால், 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 முதல் கிட் 'உரிமை சந்தேகத்துக்குரியது' என்று சொல்லி நின்றுவிடும். ரெப்போ முழுவதையும் அந்தப் பயனருக்கு மாற்றுவதுதான் சுத்தமான தீர்வு.

அடுத்தது, அந்தப் பயனருக்குப் பெயரும் மின்னஞ்சலும் தெரியாது. 'நீங்கள் யார் என்று சொல்லுங்கள்' என்ற பிழை வரும். இரண்டையும் ரெப்போவின் உள் அமைப்பிலேயே எழுதிவிடுங்கள். திருத்தியவரின் பெயர் 'ஆத்தர்' விருப்பமாகத் தனியே போகட்டும்.

நேற்றுவரை ஓடி இன்று நின்றது என்றால் கிட் கோப்புறைக்குள் 'இண்டெக்ஸ்.லாக்' கிடக்கிறதா பாருங்கள். பாதியில் இறந்த ஒரு பிஹெச்பி வேலை விட்டுப்போன பூட்டு அது. வேறு கிட் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்த பிறகே அழியுங்கள்.

கேள்வி: மடிக்கணினியில் திருத்தி புஷ் செய்தால் (கமிட்களை வேறு ரெப்போவுக்கு அனுப்பினால்) விக்கியில் தெரிய வேண்டும். ஹூக் (புஷ் வந்ததும் கிட் தானே ஓட்டும் ஸ்கிரிப்ட்) எழுதினோம், 'இது கிட் ரெப்போ இல்லை' என்கிறது.

ஹூக் ஓடும்போது 'கிட்_டிர்' என்ற சூழல் மாறி ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். நீங்கள் வேறு கோப்புறைக்குப் போனாலும் கிட் அந்தப் பழைய முகவரியையே நம்பும். ஹூக்கின் தொடக்கத்தில் அதை நீக்கினால் பிழை போய்விடும். ஆனால் அடுத்த சிக்கல் வரும்: எஸ்எஸ்ஹெச் (தொலைக் கணினியில் நுழையும் வழி) மூலம் வந்த புஷ்ஷில் ஹூக் ஓடுவது புஷ் செய்தவரின் பெயரில். அவர் பெயரில் இறங்கிய கோப்பை விக்கியால் திருத்த முடியாது.

ஆகவே ஹூக்கை விடுங்கள். நடுவில் வேலைக் கோப்புகள் இல்லாத வெற்று ரெப்போ ஒன்று. விக்கியின் டேட்டா கோப்புறை அதன் ஒரு நகல், உங்கள் மடிக்கணினி இன்னொரு நகல். வெப் சர்வர் பயனரின் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கருவியில்) நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு ஸ்கிரிப்ட். முதலில் கமிட் ஆகாமல் தங்கியதைக் கமிட் செய்ய வேண்டும். பூட்டு மோதலில் செருகுநிரல் தவறவிட்ட பக்கங்கள் இங்கே பிடிபடும். பிறகு ரீபேஸ் விருப்பத்தோடு (நம் கமிட்களை வந்தவற்றின் மேல் அடுக்கும்படி) புல், அதாவது நடு ரெப்போவில் இருப்பதை இழுப்பது; அதன்பின் புஷ், கடைசியில் 'பின்' என்ற பெயருள்ள கோப்புறையில் இருக்கும், தேடல் பட்டியலைப் புதுப்பிக்கும் இண்டெக்ஸர். கடைசிப் படியை விட்டால், புதிய பக்கம் யாராவது திறந்து பார்க்கும்வரை தேடலில் சிக்காது.

புல் மோதலில் முடிந்தால் அதே ஸ்கிரிப்ட் உடனே ரீபேஸைக் கைவிட்டு நிர்வாகிக்கு மடல் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் '<<<<<<<' குறிகள் நேரே விக்கிப் பக்கத்தில் வாசகர் கண்ணில் படும். செருகுநிரலில் 'கமிட் ஆனதும் புஷ்' வசதியை அணைத்துவிடுங்கள். நெட்வொர்க் தாமதத்துக்கெல்லாம் சேமிக்கிறவர் காத்திருக்க வேண்டாம்.

ஒருவர் பிரவுசரில் திருத்திக்கொண்டிருக்கும்போதே புல் நடந்தால்? விக்கியின் 15 நிமிடப் பூட்டை கிட் மதிக்காது. ஆனால் சேமிக்கும்போது டோக்குவிக்கி கோப்பின் நேரத்தை ஒப்பிட்டு முரண்பாட்டுத் திரையைக் காட்டும், எழுதியது தொலையாது. அதே நேர ஒப்பீட்டால் ஒரு தொல்லையும் உண்டு. கிட் கோப்பின் பழைய நேரத்தைக் காப்பதில்லை. ரெப்போவைப் புதிதாக நகலெடுத்தால் எல்லாப் பக்கங்களும் இன்று திருத்தியவையாகத் தெரியும்.

கேள்வி: நீளமான தமிழ்த் தலைப்புள்ள பக்கங்களுக்கு மட்டும் பழைய பதிப்பு சேமிக்கப்படவில்லை.

கோப்புப் பெயரின் நீளம்தான் காரணம். டோக்குவிக்கி இயல்பாகப் பெயரில் உள்ள ஆங்கிலமல்லாத எழுத்துகளின் ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக எழுதும். தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 9 எழுத்து. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது.

'மேற்குத்தொடர்ச்சிமலை_வரையாடு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி என்பதால் 27 குறிகள், ஓர் அடிக்கோடு: 244 பைட். '.டிஎக்ஸ்டி' சேர்ந்து 248, பக்கம் பிழைத்தது. அட்டிக்கிலோ நேர முத்திரையும் ஜிசிப் பின்னொட்டும் இன்னும் 14 பைட் கேட்கும்: 262. எழுத முடியாது.

அமைப்புகளில் கோப்புப் பெயர்க் குறியாக்கத்தை யூடிஎஃப்-8க்கு மாற்றினால் அதே அட்டிக் பெயர் 100 பைட்டில் அடங்கும். இருக்கும் கோப்புகளின் பெயர்களையும் அதே நேரத்தில் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய பக்கங்கள் 'இல்லை' என்று வரும். மாற்றிய பிறகு கிட் தமிழ்ப் பெயர்களை \340\256 என்று எண்ணாகக் காட்டும். 'கோட்பாத்' அமைப்பை அணைத்தால் தமிழாகத் தெரியும்.

இன்னொன்று. 'தொ'வில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான். பழைய மேக் கோப்பு முறைமை இரண்டாகப் பிரித்து வைக்கும். அங்கிருந்து வந்த 'தொழில்' லினக்ஸில் இரண்டாவது 'தொழில்' பக்கமாக உட்காரும். மேக்கில் கிட்டின் 'பிரீகம்போஸ்யூனிகோட்' அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஓர் எழுத்தைத் திருத்தினால் பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டுகிறது.

கிட் ஒப்பிடுவது வரிக்கு வரி. விக்கியில் பத்தி என்பது ஒரே நீள வரி. வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். டோக்குவிக்கி ஒற்றை வரி முறிவைப் பொருட்படுத்தாது, பத்தி பத்தியாகவே தெரியும். மெர்ஜ் மோதலும் வெகுவாகக் குறையும். பார்ப்பதற்கு 'வேர்ட்-டிஃப்' விருப்பம் போதும்.

கேள்வி: ஒருவர் தவறுதலாகப் போட்ட தொலைபேசி எண்ணை வரலாற்றிலிருந்தும் நீக்க முடியுமா?

விக்கிப்பீடியா பயன்படுத்தும் மீடியாவிக்கியில் அந்த ஒரு பதிப்பை மட்டும் நிர்வாகி மறைக்கலாம். கிட்டில் ஒவ்வொரு கமிட்டும் முந்தையதன் ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணை) சுமப்பதால், அதற்குப் பின் வந்த அத்தனையையும் திருப்பி எழுத வேண்டும், எல்லா நகல்களையும் தூக்கிப் போட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து வைத்த விக்கிக்கு கிட் சரிப்படாது.

கேள்வி: சொந்தச் செருகுநிரலில் கிட்டை ஷெல் (ஆணை வரிகளை ஓட்டும் நிரல்) வழியாக அழைக்கிறோம். ஆபத்து உண்டா?

உண்டு. ட்விக்கியில் 2005இல் வெளிப்பட்ட ஓட்டை இதே இடத்தில்தான்: முகவரியில் வந்த பதிப்பு எண் சோதிக்கப்படாமல் ஷெல்லுக்குப் போனது, எண்ணுக்குப் பதில் ஆணையை அனுப்பினால் சர்வர் ஓட்டியது. பதிப்பு எண் என்றால் இலக்கமும் ஏ முதல் எஃப் வரையும் தவிர எதையும் ஏற்காதீர்கள். ஷெல்லைத் தவிர்த்து உறுப்புகளைப் பட்டியலாக அனுப்புங்கள். கோப்புப் பெயருக்கு முன் இரட்டைக் கோடு வையுங்கள். இல்லையென்றால் கோட்டில் தொடங்கும் பக்கப் பெயரை கிட் ஒரு விருப்பமாக எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் உங்கள் விக்கி முகவரியோடு டேட்டா, புள்ளி கிட், கான்ஃபிக் என்று சேர்த்துத் தட்டிப் பாருங்கள். கோப்பு திறந்தால் முழு வரலாற்றையும் யாரும் இறக்கிக்கொள்ளலாம். டேட்டா கோப்புறையை வெளியார் திறக்க முடியாதபடி வெப் சர்வர் அமைப்பில் உடனே அடைத்துவிடுங்கள்.